அப்பா எழுதியதாக அம்மா படித்தது

நம் வயதில், அப்பா பட்டாளத்தில் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பஸ்ஸின் மேலிருந்து முதலில் கறுப்புத் தகரப் பெட்டி இறங்கும். மூடியில் வெள்ளைப் பெயின்டில் ஒரு நம்பரும் பேரும் இருக்கும். அதற்குப் பிறகுதான் அப்பா இறங்குவார். திறந்தால் பூச்சி உருண்டை வாசனையும் பித்தளை பாலிஷ் வாசனையும் சேர்ந்து வரும். லீவு முடிந்து அவர் போன பிறகு அவருடைய பழைய பெட்டி ஒன்று வீட்டிலேயே இருக்கும். மீதிப் பத்து மாதமும் எங்களுக்கு அப்பா என்றால் அந்தப் பெட்டிக்குள் இருந்த வாசனைதான்.

சொந்தக்காரர்கள் வந்தால் முதல் கேள்வி, "எப்ப வராரு?" இரண்டாவது கேள்வி, குரலைத் தணித்துக்கொண்டு, "வரப்ப ரெண்டு பாட்டில் ரம்மு எடுத்தாரச் சொல்லும்மா." உங்கள் வீடுகளிலும் இதைக் கேட்டிருப்பார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில் ஓர் அம்மா எப்படி நாட்களை ஓட்டினாள் என்பதை நாம் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். என்ன பார்க்கிறோம் என்று தெரியாமல் பார்த்தோம். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், ஆவணியிலிருந்து மாசி வரைக்கும் என் அம்மா செய்ததையும் அதற்கு நான் செய்ததையும் இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

அப்போது திருவண்ணாமலையில், கோயிலின் மேற்கு வாசலில் இருக்கும் பே கோபுரத்துக்குப் பின்பக்கச் சந்து ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். முன்னறை ஒன்று, சமையலறை ஒன்று. அம்மா, நான், நான்கு வயதுத் தங்கை. அதே வீட்டில் எங்களைப் போல இன்னும் இரண்டு குடித்தனங்கள், நடுவில் வீட்டுக்கார அம்மா. எல்லோருக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ், கொல்லையில், கிணற்றைத் தாண்டி, முருங்கை மரத்துக்குப் பின்னால். இருட்டிய பிறகு அங்கே போவதென்றால் அம்மா எங்கள் இருவரையும் எழுப்பிக்கொண்டு டார்ச் லைட்டோடு போவாள். ஒருத்திக்கு அவசரம் என்றாலும் மூன்று பேரும் போவோம். உள்ளே தனியாக ஒருத்தியை விட்டுவிட்டுப் போக அம்மாவுக்கு மனசு வராது. ஒரு முறை மதில் மேல் யாரோ உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அம்மா டார்ச்சை அவன் முகத்தில் அடித்துவிட்டு எங்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்கு விடியும் வரை நான் அடக்கிக்கொண்டிருந்தேன்.

வாரத்துக்கு ஒரு நாள் அம்மா, அப்பாவின் பழைய பட்டாளத்துச் சட்டை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, துவைத்து, தெருவிலிருந்து தெரிகிற மாதிரி கொடியில் காயப்போடுவாள். அந்தச் சட்டையில் அழுக்கே இருக்காது. அழுக்கில்லாத சட்டையை ஏன் துவைக்கிறாள் என்று நான் கேட்டதற்கு, "மடிப்புல பூஞ்சை புடிச்சிடும்டி" என்றாள். நான் நம்பினேன்.

வேங்கிக்காலில் எங்களுக்கு ஒரு மனை இருந்தது. முந்தைய லீவில் அப்பா வாங்கியது. இன்றைக்குக் கலெக்டர் ஆபீசும் பெரிய கட்டடங்களும் வந்துவிட்ட அந்தப் பக்கம் அன்று வேர்க்கடலைக் கொல்லைதான். அங்கே வீடு கட்ட ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு அந்த வருஷம் வடக்கே பனிமலையில் போஸ்டிங். கடிதம் போக இருபது நாள், பதில் வர இருபது நாள். அதனால் மேற்பார்வையைக் கீழ்பென்னாத்தூரில் விவசாயம் செய்துகொண்டிருந்த பெரியப்பாவிடம் ஒப்படைத்திருந்தார்.

பெரியப்பாவைத் தப்பாக நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். தோளில் துண்டு, கையில் ஒரு பை நிறைய, அவர் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையோ கீரையோ இருக்கும். வெயிலில் நின்று மேஸ்திரியிடம் வேலை வாங்குவார். ஒரு டம்ளர் காபிக்கு மேல் எதுவும் எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அவர் மனதில் ஒரு வீடு இருந்தது. அது கீழ்பென்னாத்தூரில் அவர் இருந்த வீடு. முன்பக்கம் பெரிய கூடம், பின்னால் இருட்டாக ஒரு சமையலறை, தோட்டத்துக் கடைசியில் கக்கூஸ்.

கடைக்கால் போட்டு முடித்ததும் அம்மா மேஸ்திரியிடம் பேசிப் பார்த்தாள். கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே, படுக்கையறையை ஒட்டி வர வேண்டும் என்றாள். மேஸ்திரி கரணையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "நானு செய்யறதுக்கு என்னாம்மா. பெரியவரு ஒரு வார்த்த சொல்லட்டும்."

பெரியவர் சொல்லவில்லை. "கூரைக்குக் கீழே கக்கூஸா? சோறு திங்கற எடத்துக்குப் பக்கத்துலயா? ஊர்ல கேட்டா சிரிப்பாங்கம்மா" என்றார். கோபமில்லாமல், குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். அம்மா "சரி மாமா" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு நாங்கள் மூவரும் மனைக்குப் போனோம். அம்மா கையில் அப்பாவின் இன்லண்டு லெட்டர் இருந்தது. மேஸ்திரி, இரண்டு கொத்தனார், பெரியப்பா எல்லோரும் இருந்தார்கள். அம்மா மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பிரித்தாள்.

"அவரு எழுதியிருக்காரு மாமா" என்று ஆரம்பித்தாள். பிறகு படிக்கிற குரலில், "இங்கு பட்டாளத்து குவார்ட்டர்ஸில் எல்லாம் கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் சுகாதாரம் என்று டாக்டரும் சொல்கிறார். நம் வீட்டிலும் அதே மாதிரி வைக்கவும். அண்ணனிடம் சொல்லவும்."

பெரியப்பா அடுக்கிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார். "தம்பி நாலு எடம் பாத்தவன்" என்றார் கடைசியில். "அவன் சொன்னா செய்ங்கப்பா." அன்று மத்தியானமே மேஸ்திரி கயிறு பிடித்துக் குறி போட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்றில், வாசலைத் திறக்காமலே யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க ரோட்டுப் பக்கம் ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லி அப்பா எழுதியிருந்தார். இன்னொன்றில், மழைத்தண்ணீர் ஏறாமல் தரையை இரண்டடி தூக்கச் சொல்லியிருந்தார். அம்மா மணல் மேட்டில் நின்று படித்தாள். பெரியப்பா தலையாட்டினார். வேலை நடந்தது.

வீட்டுக்கு வந்ததும் அதே கடிதத்தை எங்களுக்கும் படிப்பாள். அந்தப் பகுதிகளுக்காகத்தான் நான் காத்திருப்பேன். "பெரிய பாப்பாவுக்குக் கணக்கில் நல்ல மார்க் வந்ததாகக் கேட்டு சந்தோஷப்பட்டேன். தங்கச்சியை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல். பெரிய பாப்பாவின் பின்னலை நினைத்துக்கொள்கிறேன்." அப்பா என் பின்னலை நினைத்துக்கொள்கிறார் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் குறைந்தது நான்கு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

ஐப்பசி தொடங்கியிருந்தது. அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால், என் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி ஒருத்தி, "உங்கப்பா அப்படியெல்லாம் எழுதறாருன்னா காட்டேன் பாப்போம்" என்று கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் நான் தகரப் பெட்டியைத் திறந்தேன். பட்டாளத்துச் சட்டைக்குக் கீழே கடிதங்கள் நூல் கட்டி இருந்தன. மேலே இருந்த மூன்றையும் எடுத்துக்கொண்டேன்.

அப்பாவின் கையெழுத்து பெரிது பெரிதாக, சாய்ந்து சாய்ந்து இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்றுமே சின்னக் கடிதங்கள்.

"நான் இங்கு நலம். அங்கு அனைவர் நலமும் அறிய ஆவல். இங்கு பனி ஜாஸ்தி. கடிதம் தாமதமானால் கவலைப்பட வேண்டாம். வீட்டு வேலை விஷயமாக அண்ணன் சொல்படி நடக்கவும். அவருக்குத் தெரியாதது இல்லை. குழந்தைகள் ஜாக்கிரதை."

மூன்றிலும் ஏறக்குறைய இதுதான். கக்கூஸ் இல்லை. ஜன்னல் இல்லை. என் கணக்கு மார்க் இல்லை. பின்னல் இல்லவே இல்லை. நான் திருப்பிப் பார்த்தேன், ஓரத்தில் பார்த்தேன், ஒட்டுகிற மடிப்புக்குள்ளும் பார்த்தேன். "குழந்தைகள் ஜாக்கிரதை" என்பதில் நான் ஒரு பாதியாக இருந்தேன். அவ்வளவுதான்.

கடிதங்களை நூல் கட்டி அதே இடத்தில் வைத்தேன். அம்மா மண்ணெண்ணெய் டின்னோடு வந்தாள், "பசிக்குதாடி" என்று கேட்டாள். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். வீட்டைப் பற்றி அவள் பொய் சொன்னதைக்கூட என்னால் ஜீரணித்துக்கொள்ள முடிந்தது. பின்னலைப் பற்றிச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. பனியில் நிற்கிற அப்பாவிடமிருந்து அவருடைய பேச்சை இவள் திருடிக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். அப்பாவுக்கு என்மேல் பிரியமே இல்லை, அதையும் இவள் மறைத்திருக்கிறாள் என்றும் நினைத்தேன். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்கும் என்று பத்து வயதில் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வர நான் கூடப் போனேன். வழக்கமாக அவர் எனக்கு வழியில் பொட்டுக்கடலை வாங்கித் தருவார். பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டே சொன்னேன்.

"பெரியப்பா, அப்பா கக்கூஸ் பத்தி எழுதவே இல்ல. ஜன்னல் பத்தியும் எழுதல. நீங்க சொல்றபடி செய்யணும்னுதான் எழுதியிருக்காரு. அம்மாவா சொல்லுது."

அவர் நடப்பதை நிறுத்தினார். "நீ படிச்சியா கண்ணு?"

"மூணு லெட்டரும் படிச்சேன்."

அவர் திட்டவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. இதை வேற யார்கிட்டயும் சொல்லாதே. உங்கம்மாகிட்டயும் கேக்காதே. உங்கப்பன் வரட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. திங்கட்கிழமை மேஸ்திரியும் வரவில்லை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள். மேஸ்திரி சங்கடத்தோடு சாரம் கட்டுகிற கயிற்றைச் சுற்றிக்கொண்டே, "பெரியவரு நிறுத்தி வையின்னுட்டாரும்மா. சாரு வந்தப்பறம் பாத்துக்கலாம்னாரு" என்றார். அம்மா "எதுக்காம்?" என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான் வாசலில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

சுவர்கள் ஜன்னல் உயரத்துக்கு வந்து அப்படியே நின்றன. மழை பிடித்துக்கொண்டது. சிமென்ட் சுலபமாகக் கிடைக்காத காலம் அது. பாடுபட்டு வாங்கிய பன்னிரண்டு மூட்டை, கீற்றுக் கொட்டகையில் அடுக்கி இருந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா தங்கையைப் பக்கத்துக் குடித்தனத்தில் விட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். மனையில் முழங்கால் தண்ணீர். கொட்டகை ஒரு பக்கம் சரிந்திருந்தது. தார்ப்பாயின் ஒரு முனையை அம்மா பிடித்தாள், இன்னொரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னாள். காற்று தூக்கித் தூக்கி அடித்தது. அம்மா மூட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, கட்டி முடித்திருந்த தரை மேட்டின் மேல் ஏற்றினாள். இரண்டடி தூக்கிய அந்தத் தரையில் தண்ணீர் ஏறவில்லை. புடவை முழுக்கச் சாம்பல் சேறு. எட்டு மூட்டை தப்பியது. நாலு மூட்டை கல்லாகிவிட்டது.

"கையை வுட்டுடாதடி" என்றாள் அம்மா. நான் விடவில்லை. என்னால்தான் இதெல்லாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். தார்ப்பாய் முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர வாயைத் திறக்கவில்லை.

கார்த்திகையில், தீபத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அப்பா வந்தார். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, தீபக் கூட்டத்தில் நசுங்கி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முகம் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தங்கை அழுதுகொண்டே அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். தண்ணீர்ச் செம்பை அவர் வாங்கியபோது பார்த்தேன். இடது கையில் இரண்டு விரல்களின் நுனி, எரிந்த குச்சி போலக் கறுப்பாக இருந்தது. அம்மாவும் பார்த்தாள். செம்பைக் கொடுத்த கையை அவள் உடனே எடுக்கவில்லை.

"பனியில கொஞ்சம். சரியாப் போச்சு" என்றார் அப்பா.

மறுநாள் காலையில் பெரியப்பா வந்தார். அவர் நாற்காலியில், அப்பா பாயில், அம்மா சமையலறை வாசலில். நான் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். கால் தரையில் படவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், நேரா சொல்லு. கக்கூஸை வீட்டுக்குள்ள வையின்னு நீ எழுதினியா?"

அப்பா அண்ணனைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா தலை குனியவில்லை. கண்ணால் ஜாடையும் காட்டவில்லை. என்ன வந்தாலும் வரட்டும் என்பது போல நின்றாள்.

"எழுதினேண்ணா."

"ரோட்டுப் பக்கம் ஜன்னலு?"

"அதுவுந்தான்."

"தரைய ரெண்டடி தூக்கச் சொன்னது?"

"எல்லாம் நான் எழுதினதுதாண்ணா."

பெரியப்பா திரும்பி என்னைப் பார்த்தார். 'உன் பொண்ணே படிச்சுட்டு வந்து சொன்னாளே' என்று ஒரு வார்த்தை போதும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீயே எழுதினேங்கற. அப்பறம் நான் என்ன சொல்றது. மேஸ்திரிய வரச் சொல்றேன்." அம்மாவின் பக்கம் திரும்பி, "காபி இருந்தா குடும்மா" என்றார்.

ரொம்ப வருஷம், அன்றைக்கு என் பெரியப்பா தோற்றுப்போனார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பி பொய் சொல்கிறான் என்று அவருக்குத் தெரியும். சாட்சி பெட்டி மேல் உட்கார்ந்திருந்தது. சாட்சியைக் கூப்பிட்டிருந்தால் அவர் சொன்னது சரியாகியிருக்கும். அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும் எப்படி ஒரே தட்டில் சாப்பிடுவார்கள் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். எனக்குக் குழந்தைகள் பிறந்த பிறகுதான் இது புரிந்தது. அவரிடம் சொல்ல, அவர் இல்லை.

தீபத்தன்று ஊருக்குள் கால் வைக்க இடமில்லை. "மனையிலேர்ந்தே பாக்கலாம்" என்று அப்பா சொன்னதால் சாயங்காலம் நான்கு மணிக்கே வேங்கிக்காலுக்கு நடந்தோம். கூரையில்லாத வீட்டுக்குள் நின்றால் மலை முழுசாகத் தெரிந்தது. அம்மா பொரி உருண்டை கொண்டுவந்திருந்தாள். தங்கை அப்பாவுக்குக் கொஞ்சம் பழகியிருந்தாள். அவர் தோளில் உட்கார்ந்து பொரியை அவர் தலைமேலேயே உதிர்த்துக்கொண்டிருந்தாள். அவளை இறக்கி என்னோடு மணலில் விளையாட விட்டுவிட்டு, அப்பா ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தார். அம்மாவும் பின்னாலேயே போனாள். படுக்கையறைக்குப் பக்கத்தில் இருந்த சின்னச் சதுரத்தில் அப்பா நின்றார். சுவருக்கு இந்தப் பக்கம், சாரத்துக்காக விட்டிருந்த ஓர் ஓட்டைக்கு நேராக நான் இருந்தேன்.

"கக்கூஸ் பத்தி நான் எப்ப எழுதினேன்?"

"எழுதல" என்றாள் அம்மா.

"நான் என்ன எழுதினேன்?"

"அண்ணன் சொல்றபடி நடன்னு."

"அப்பறம்?"

"ஒண்ணு கேட்டு எழுதினா பதில் வர நாப்பது நாளாவுது. அதுக்குள்ள செவுரு எழும்பிடுது. நான் சொன்னா யாரும் காதுல போட்டுக்கல. நீங்க சொன்னதா சொன்னா ஒடனே செய்யறாங்க. நான் என்ன பண்ணட்டும்? இருட்டினா ரெண்டு பொண்ணுங்களையும் இஸ்துக்கினு கொல்லைக்குப் போறேன். செவுத்து மேல எவனோ குந்திக்கினு இருக்கறான்."

அப்பா சுவரில் காய்ந்திருந்த கலவையை நகத்தால் சுரண்டினார்.

"அதை எழுதியிருக்கலாமே எனக்கு."

"எழுதினா? அங்கேர்ந்து எறங்கி வந்துடுவீங்களா?" அம்மா அவருடைய இடது கையைப் பிடித்துத் தூக்கினாள். "வெரலு இப்படி ஆனதை நீங்க எழுதினீங்களா?"

"இல்ல."

"ஏன் எழுதல?"

"எழுதினா நீ அங்க ஏறி வந்துடுவியா?"

அம்மா சிரித்தாள். சிரிப்பு நடுவில் வேறாக மாறி, மறுபடியும் சிரிப்பாகியது. புடவைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டது சுவர் ஓட்டை வழியாகத் தெரிந்தது.

"இனிமே என் பேரைச் சொல்லாதே" என்றார் அப்பா. "உன் பேர்லயே சொல்லு."

"கேக்க மாட்டாங்க."

"கேக்கச் சொல்லி அண்ணனுக்கும் மேஸ்திரிக்கும் நேராவே சொல்லிட்டுப் போறேன். லெட்டர் வேணாம்."

"சரி." பிறகு அம்மா சொன்னாள். "ஆனா இன்னொண்ணு இருக்குது. பெரியவளுக்கு நீங்க எழுதறதா நானே ஏதாவது படிச்சுக்கினு இருக்கறேன். செவுரு வெக்கறது ஜன்னல் வெக்கறதுன்னா நான் பாத்துக்குவேன். அவளுக்கு எழுதறதை மட்டும் நீங்க எழுதுங்க. அது என்னால ஆவாது."

அப்பா ஏதோ சொன்னார். அந்த நேரத்தில் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே குரலாக, "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று சத்தம் எழுந்தது. மலை உச்சியில் சின்னதாக ஒரு வெளிச்சம் பிடித்து நின்றது. நான் மணலில் உட்கார்ந்தபடியே அழுதேன். தங்கை என் வாயில் பொரி உருண்டையைத் திணித்தாள்.

பொங்கல் முடிந்து அப்பா திரும்பிப் போனார். தை கடைசியில் தளம் போட்டார்கள். அன்று விடிகாலையிலேயே இருபது பேர் ஜல்லியும் மணலும் கலந்து சட்டி சட்டியாக மேலே ஏற்றினார்கள். பெரியப்பா வந்து ஓரமாக நின்றார். மேஸ்திரி கீழே பார்த்துக் கேட்டார், "தண்ணித் தொட்டிக்கு எடம் வுடட்டுமா, பெரியவரே?"

"அதை அந்தம்மாவைக் கேளு" என்றார் பெரியப்பா.

அம்மா அண்ணாந்து பார்த்து, "விடுங்க. கெழக்கு மூலையில" என்றாள். முதல் தடவை என்பதால் குரல் தேவைக்கு அதிகமாக வந்தது. சட்டி தூக்கிய பெண்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தார்கள்.

மாசியில் ஒரு கடிதம் வந்தது. உள்ளே அம்மாவுக்கு ஒரு தாள், எனக்கு ஒரு தாள். எனக்கென்றே எழுதி வந்த முதல் தாள் அது. முழுசாக இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு நாளாக யோசித்தேன். இங்கே ஒரு நாய் இருக்கிறது. பனியில் அதன் மீசை விறைத்துக்கொள்கிறது. சோறு கொடுத்தால் முதலில் கையை நக்குகிறது, பிறகுதான் சோற்றைத் தின்கிறது. அடுத்த கடிதத்தில் வேறு எழுதுகிறேன். நீ என்ன படிக்கிறாய் என்று எழுது."

பின்னலைப் பற்றி ஒன்றும் இல்லை. அம்மா படித்துக் காட்டியது போல அழகாகவும் இல்லை. ஆனால் நான் அதை யாரிடமும் காட்டவில்லை, காட்ட வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அந்தத் தாள் பிறகு எந்த வீடு மாற்றத்திலோ தொலைந்துவிட்டது.

அப்பா ரிட்டயராகி வந்து, அந்த வீட்டிலேயே இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. அங்கேதான் இருக்கிறாள். போன மாதம் போயிருந்தபோது, அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, நாற்பது வருஷத்துக்கு மேல் வயிற்றில் வைத்திருந்ததைச் சொன்னேன். பெரியப்பாவிடம் சொன்னது நான்தான், வேலை நின்றது என்னால்தான் என்றேன்.

அம்மா கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே யோசித்தாள். "நீயா சொன்னே? இருக்கும். எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்லடி. அந்த நாலு மூட்டை சிமென்ட் கல்லாப் போச்சே, அதுதான் இன்னும் மனசுல நிக்குது." அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த திட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அரை மணி நேரம் கழித்து, "மேல ஒரு போர்ஷன் எடுக்கலாம்னு இருக்கறேன்" என்றாள்.

"இந்த வயசுலயா? எதுக்கு?"

"ஒரு பொண்ணு வீடு கேட்டு வந்துச்சு. வீட்டுக்காரன் பட்டாளத்துல இருக்கறானாம், காஷ்மீர் பக்கம். கையில ரெண்டு வயசுக் கொழந்தை. எங்க போனாலும் ஆம்பள இல்லாத வீடுன்னு யோசிக்கறாங்களாம். நான் குடுக்கறேன்னுட்டேன். நாளைக்கு மேஸ்திரி வரான், அந்தப் பொண்ணையும் வரச் சொல்லியிருக்கறேன்."

மறுநாள் காலையில் அந்தப் பெண் வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இடுப்பில் குழந்தை, கையில் போன். மேலே மொட்டை மாடியில் மேஸ்திரி டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். எது எங்கே வர வேண்டும் என்று அம்மா அவளைக் கேட்டாள். அவள் தயங்கினாள்.

"அவரு சாயங்காலம் வீடியோ கால்ல வருவாரும்மா. கேட்டுச் சொல்லட்டுமா?"

"அவரையும் கேளு, வேணாங்கல. மொதல்ல உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், மேஸ்திரியைப் பார்த்தாள். பிறகு குழந்தையை இறக்கி என் கையில் கொடுத்துவிட்டு, மாடியின் நடுவுக்கு நடந்து போய் நின்று, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.